புரோகிராமருக்காக ஒரு கிரிவலம்

பெங்களூர்க் கடையொன்றில் இன்டர்நெட் வழியாக நான் ஆர்டர் செய்த மைக்ரோகன்ட்ரோலர் புரோகிராமர் ஊருக்கு வந்து சேர்ந்தது ஒரு பௌர்ணமி அன்று. கம்ப்யூட்டரில் நாம் எழுதுவதை ஒரு சின்னச் சிப்புக்குள் ஏற்றிவிடும் பெட்டி அது.

"கூட்டத்துல வண்டி வராதுங்க. நீங்களே வந்து வாங்கிக்கோங்க" என்று கூரியர் ஆபீஸிலிருந்து போன் வந்தது. மறுநாள்வரை காத்திருக்க நான் என்ன ரிஷியா?

எங்கள் வீடு செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டி. கூரியர் ஆபீஸ் கோயில் பக்கம். மற்ற நாளில் சைக்கிளில் நாலு மிதி மிதித்தால் போய்விடலாம். அன்றோ மலையை வலம் வரும் கூட்டம் மொத்தமும் கோயிலிலிருந்து என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. பத்தடி நடப்பதற்குள் ஆளாளுக்குத் திட்டினார்கள்.

"கிரிவலத்துல எதிர்ல வர்றியே, புத்தி இருக்கா?" என்றார் ஒருவர்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சரி, வலமாகவே வருகிறேன் என்று திரும்பினேன். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மலையையே சுற்றி, மறுபக்கமாகக் கூரியர் ஆபீஸில் போய் நின்றேன்.

"ஆசிரமத்துப் பக்கம்னு சொன்னீங்க, இவ்ளோ நேரமா?" என்றார் அங்கிருந்தவர். பார்சலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தேன். அதே கூட்டம் என்னை வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டது.

கால்கூடக் கழுவவில்லை. பெட்டியைக் கம்ப்யூட்டரில் மாட்டி, சிப்பில் நாலு வரி ஏற்றினேன். குண்டூசித் தலையளவு சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. நான் குதித்த குதியில் அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தார். பெட்டி வந்த கதையை மூச்சுவிடாமல் சொன்னேன்.

"இத்தினூண்டு லைட்டுக்கா மலைய சுத்திட்டு வந்தே?" என்றார். சொல்லிக்கொண்டே அந்த விளக்கைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.