குணவதி டீச்சரின் அநாதை டின்

கல்யாணமான முதல் வாரத்திலேயே எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஒரு செய்தியைச் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. "கூலிம்ல வெள்ளமாம்" என்று ஒரு நாள் வாய் தவறிச் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்த குணவதி நிமிராமலே, "எந்தப் பேப்பர், எந்தத் தேதி?" என்றாள். லாரி டிரைவர் சொன்னான் என்றேன். "அப்ப அது இன்னும் செய்தி ஆகலங்க" என்று சொல்லி உலையில் அரிசியைப் போட்டாள்.

நான் பாடாங் மேஹா சாலையில் ஏழாவது மைலில் இருந்த ஏழாங்கட்டை ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது, வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போடுவது என் வேலை. அவள் அதே தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியின் ஒரே ஆசிரியை. அது மலாயாவில் அவசரகாலம். காட்டில் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள், தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி இருந்தது. மாலை ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு வேலிக்கு வெளியே யாராவது தென்பட்டால் சுடலாம் என்று உத்தரவு.

அப்படிப்பட்ட இடத்தில்தான் பிள்ளைகளுக்கு நாட்டு நடப்பும் சரித்திரமும் சொல்லிக் கொடுக்க ஒரு நூலகம் வேண்டும் என்று இவள் கிளம்பினாள். தோட்டத்துத் துரை சிரித்தார். கணக்கெழுதும் கிராணி கையை விரித்தார். இவளோ பாடாங் மேஹாவில் மளிகைக் கடை வைத்திருந்த நூர்தீன் பாயிடம் போய் நின்றாள். அவர் பருப்பும் கருவாடும் பொட்டலம் கட்டுவது பழைய தமிழ்ப் பத்திரிகையில். "பாய், கட்டுறதுதான் கட்டுறீங்க, தேதி போட்ட பக்கத்தையும் கிழிக்காமக் கட்டுங்க" என்று கேட்டுக்கொண்டாள். பாய் என்னைப் பார்த்தார். நான் கருவாட்டைப் பார்த்தேன்.

பொட்டலம் பிரித்த தாளை எறியாமல் பள்ளிக்குக் கொடுத்தனுப்பும்படி தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்களிடம் சொல்லி வைத்தாள். வந்ததையெல்லாம் வெயிலில் காய வைத்து, மரவள்ளி மாவுப் பசையால் அட்டையில் ஒட்டி, காலி பிஸ்கட் டின்களில் பிரித்து வைத்தாள். ரப்பர் ஒரு டின், தேர்தல் ஒரு டின், ஜப்பான்காரன் காலம் ஒரு டின். பிள்ளைகளிடம் கேள்வி மட்டும் கேட்பாள். பதிலை அவர்களே டின்னில் தேடிக் கண்டுபிடித்து, எந்தப் பேப்பர், எந்தத் தேதி என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் முழுக்க கருவாட்டு வாசனை. பூனைகள்கூட சரித்திரம் படிக்க வந்தன.

தேதி கிழிந்துபோன துண்டுகளுக்கென்று தனியாக ஒரு டின் இருந்தது. அதற்கு அநாதை டின் என்று பேர். அதிலிருப்பது எவ்வளவு ருசியான செய்தியாக இருந்தாலும், அதைப் பதிலாகச் சொல்லக்கூடாது. தேதி தெரியும்வரை அது அங்கேயே கிடக்க வேண்டும்.

இவ்வளவு கறாரான மனுஷிதான் ஒரு தடவை சறுக்கினாள்.

ஐம்பத்தாறாம் வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்கு ஐந்து நாள் இருந்தது. ஐந்தாம் வகுப்பு பிரேமாவதி கொண்டுவந்த கருவாட்டுத் தாளில் பாதிச் செய்தி இருந்தது. 'வரும் வெள்ளிக்கிழமை முதல் ஊரடங்கு நீக்கப்படும் இடங்கள்: கூலிம் நகரம், பாடாங் மேஹா' என்பதோடு தாள் கிழிந்திருந்தது. பாடாங் மேஹா என்றால் எங்கள் தோட்டமும் அதில் அடக்கம் என்றுதான் நினைத்தோம். குணவதி அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு பள்ளி வாசல் பலகையில் குத்தி வைத்தாள். அன்று அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்த நானும் வாயைத் திறக்கவில்லை.

தோட்டமே துள்ளியது. ஆறு வருஷமாக அம்மன் பகலில்தான் ஊர்வலம் வந்தாள். முன்பெல்லாம் இருட்டிய பிறகு தீவட்டியோடு வேலி தாண்டி ஆற்றங்கரைக்குப் போய்த் திரும்புவாள். கோயில் தலைவர் நடராஜா உடனே சுங்கை பட்டாணிக்கு ஆளனுப்பி மேளக்காரர்களுக்குச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குப் புறப்பாடு. கேட்டில் நின்ற காவலர்கள், எங்களுக்கு உத்தரவு எதுவும் வரவில்லை என்றார்கள். "அவனுங்களுக்கு எல்லாம் லேட்டாத்தான்லா வரும்" என்றார் நடராஜா.

புதன்கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு பிரேமாவதி மட்டும் நின்றாளாம். "டீச்சர், நான் கொண்டு வந்த தாள்ல தேதி இல்லையே. அது அநாதை டின்லதானே போவணும்?" என்று கேட்டிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தபோது குணவதியின் முகம் வெளுத்திருந்தது. "நானூறு பேர் ராத்திரியில வெளிய போவப் போறாங்க. நான் குத்தி வச்ச தாள நம்பி. எவனாவது பயந்துபோய் ஒரு குண்டு சுட்டான்னா..." வெட்டுக்காயம் கட்டுகிறவனுக்குக் குண்டுக்காயம் எப்படி இருக்கும் என்று தெரியும்.

வியாழக்கிழமை பள்ளிக்கு லீவு விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் கூலிம் போனோம். அங்கே தமிழர் சங்கத்தில் ஒரு வாசகசாலை உண்டு. அதைப் பார்த்துக்கொண்ட சுப்பிரமணியம் மூன்று மாதப் பத்திரிகைகளை நாள் வாரியாகக் கோத்து வைத்திருப்பார். குணவதி அன்றைய தாளிலிருந்து பின்னோக்கிப் புரட்ட ஆரம்பித்தாள். நான் ஒரு கோப்பைக் கோப்பி குடித்தேன், இரண்டு கோப்பை குடித்தேன், நாற்காலியிலேயே தூங்கி எழுந்தேன். மதியம் இரண்டு மணிக்கு அவள் விரல் ஓரிடத்தில் நின்றது.

அதே செய்தி, கிழியாமல் முழுசாக இருந்தது. தேதி நாற்பது நாளுக்கு முந்தியது. அந்த வெள்ளிக்கிழமை எப்போதோ வந்து போயிருந்தது. 'பாடாங் மேஹா' என்ற சொல்லுக்கு அடுத்து, 'சாலையில் ஐந்தாங்கட்டை வரை' என்று இருந்தது.

நாங்கள் இருந்தது ஏழாங்கட்டை.

தாளை வெளியே தர முடியாது என்றார் சுப்பிரமணியம். செய்தியை அப்படியே கையால் எழுதி, பேப்பர், தேதி, பக்கம் எல்லாம் போட்டு, அதற்கு அவரிடம் கையெழுத்தும் வாங்கினாள். "நான் என்னம்மா மாஜிஸ்திரேட்டா?" என்று முனகிக்கொண்டே போட்டுக் கொடுத்தார்.

அன்று மாலை கோயில் முன்னால் எல்லோரையும் கூப்பிட்டு அதைப் படித்துக் காட்டினாள். "தேதி பாக்காம குத்தி வச்சது நான். தப்பு என்னோடது. யாரும் ராத்திரியில வெளிய போவாதீங்க" என்றாள்.

நடராஜாவுக்குக் கண் சிவந்துவிட்டது. "ஆறு வருஷம்லா டீச்சர். அம்மாகிட்ட என்ன சொல்றது? மேளக்காரனுக்கு என்ன சொல்றது? ஒரு நாள் இருக்குன்னு சொல்றீங்க, மறுநாள் இல்லன்னு சொல்றீங்க. பேப்பர நம்புனது எங்க புத்தி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். எனக்கு வந்த கோபத்துக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். குணவதி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

சனிக்கிழமை மூன்று மணி வெயிலில் அம்மன் புறப்பட்டாள். தார் ரோட்டில் எல்லோருக்கும் பாதம் வெந்தது. ஆறு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கையில் அம்மனும் ஜனங்களும் முழுசாக வேலிக்குள் வந்து சேர்ந்தார்கள். அன்று இருபது பேருக்குக் கால் கொப்புளத்துக்கு மருந்து போட்டேன். ஒவ்வொரு பாதத்தையும் பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொப்புளம் ஒரு வாரத்தில் ஆறிவிடும்.

வாசல் பலகையிலிருந்து கழற்றி அநாதை டின்னில் போட்டிருந்த அந்தத் தாளைத் திங்கட்கிழமை அவள் பிள்ளைகள் கண் முன்னாலேயே எடுத்து, தேதி எழுதி, ஊரடங்கு டின்னில் போட்டாளாம். கரும்பலகையில் 'டீச்சர் தவறு செய்தார்' என்று எழுதி, அதற்கும் தேதி போட்டாளாம். பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் உண்மையான திருவிழா.

நடராஜா மட்டும் ஒரு வருஷம் அவளோடு பேசவில்லை. எதிரே வந்தால் ரப்பர் மரத்தைப் பார்த்துக்கொண்டு போவார்.

அடுத்த வருஷம் ஒரு காலையில் போலீஸ் ஜீப் ஒன்று ஒலிபெருக்கியோடு தோட்டத்துக்குள் வந்தது. ஏழாங்கட்டைத் தோட்டத்தில் இன்று முதல் ஊரடங்கு இல்லை என்று மலாயிலும் தமிழிலும் சொன்னார்கள். ஒருவரும் கைதட்டவில்லை. ஜனங்கள் நின்ற இடத்தில் நின்றார்கள். இன்ஸ்பெக்டர் திகைத்துப்போய் மறுபடியும் சொன்னார். அப்போது நடராஜா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜீப்புக்குப் பக்கத்தில் போனார்.

"துவான், சூராட் காபார் மானா? ஹாரி அபா?" என்று கேட்டார். ஐயா, எந்தப் பேப்பர், எந்த நாள்?

இன்ஸ்பெக்டருக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. சீட்டுக்கு அடியிலிருந்து அன்றைய இங்கிலீஷ் பேப்பரை எடுத்து நீட்டினார். நடராஜாவுக்கு எந்த மொழியிலும் எழுத்துத் தெரியாது. அதைப் பிரசாதம்போல இரண்டு கையாலும் வாங்கி, மடிப்புக் கலையாமல் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். தோட்டமே பின்னால் நடந்தது. நானும் மருந்துப் பாட்டிலை மூடாமலே ஓடினேன்.

குணவதி வாசலுக்கு வந்தாள்.

"முழுப் பேப்பரா வாங்கியாந்துட்டேன் டீச்சர். எங்கயும் கிழியல" என்றார் நடராஜா. "நீங்க படிச்சுச் சொன்னாத்தான் நாங்க வேலியத் தாண்டுவோம்."

அவள் முதலில் தேதியைப் பார்த்தாள்.