எங்கள் பகுதிக்கு உரிமம் இல்லை

ரங்கூனைப் பற்றி எந்த ஆவணப்படம் வந்தாலும் முதல் நிமிடத்தில் என்ன காட்டுவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். விடியற்காலைப் பனி, மேலிருந்து ட்ரோன், தங்கக் கோபுரம், பின்னணியில் ஒரு புல்லாங்குழல். அடுத்து வரிசையாகப் போகும் பிக்குகள். அதற்கடுத்து கன்னத்தில் தனகா மரப்பட்டைச் சாந்து பூசிய ஒரு பெண் நம்மைப் பார்த்துச் சிரிப்பாள். தமிழர்களுக்கு இடம் கொடுத்தால் அது தோசைக்கல்லோடு முடிந்துவிடும். நாற்பத்தாறு வருடமாக இந்த ஊரில் கிடக்கிறேன். தின்கன்ஜூனிலிருந்து லைங் தாயாவில் இருக்கும் தையல் ஆலைக்குத் தினமும் பஸ்ஸில் நசுங்கிப் போய் வருகிறேன். அந்த பஸ்ஸை எவரும் படமெடுத்ததில்லை. அதற்குப் புல்லாங்குழல் ஒத்துவராது போலிருக்கிறது.

அதனால் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி ஒன்றிலிருந்து பர்மாத் தமிழர்களைப் பற்றிப் படமெடுக்க வருகிறார்கள் என்று கோயிலில் சொன்னபோது நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்பாதான் பிடித்துக்கொண்டார். காரணம் அத்தை.

அத்தை என்கிறேனே தவிர, நான் அவரைப் பார்த்ததில்லை. அப்பாவுக்கு ஒரே அக்கா. நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகத் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறிய காலத்தில், கல்யாணமான புதிதில், கணவரோடு போய்விட்டார். அப்பாவுக்கு அப்போது ஏழு வயது. தாயில்லாத வீட்டில் அப்பாவைக் குளிப்பாட்டிச் சோறூட்டி வளர்த்தவர் அவர்தான். சில வருடம் கடிதம் வந்ததாம். பிறகு இங்கே தாத்தாவும் அப்பாவும் பபேடானில் இருந்த மாடி வீட்டைக் காலி செய்து தின்கன்ஜூனுக்குக் குடிவந்தார்கள். புது முகவரியை எழுதிப் போட்ட கடிதம் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, பதில் வரவில்லை. அத்தோடு அறுந்தது. இப்போது அப்பாவுக்கே அறுபத்தெட்டு. அத்தை இருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பார்.

“டி.வி.யில சொன்னா, அங்க யாராச்சும் பாத்து அக்காகிட்ட சொல்லுவாங்கம்மா,” என்றார் அப்பா. அதற்காகத்தான் ஒத்துக்கொண்டார்.

மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் கேமராவுக்கு, ஒருவர் மைக்குக்கு, ஒருவர் இயக்குநர். இயக்குநர் வந்ததும் வராததுமாகச் சுவரில் இருந்த பர்மியக் காலண்டரைக் கழற்றினார். பிளாஸ்டிக் வாளியை மறைத்தார். “பழைய பித்தளைச் சாமான், மரப்பெட்டி, ஏதாச்சும் இருக்கா மேடம்?” என்று கேட்டார். இல்லை என்றதும் முகம் தொங்கிப்போயிற்று. பிறகு ஆறு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பத்திரத்தை நீட்டினார். அப்பாவின் முகமும் குரலும் உலகம் முழுவதும், எல்லாக் காலத்துக்கும், எல்லா விதத்திலும் அவர்களுக்குச் சொந்தம் என்று அதில் இருந்தது. நான் படித்துச் சொன்னேன். அப்பா சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஒரு வாரமாக அவர் தமிழில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். அக்காவின் பெயர், அத்தானின் பெயர், அக்கா தன்னைக் கூப்பிட்ட செல்லப் பெயர், தாத்தாவுக்குத் துறைமுகத்தில் வேலை, மாடி வீடு இருந்த தெரு, கடைசியில் எங்கள் வீட்டு ஃபோன் நம்பர். விளக்கைப் போட்டார்கள். இயக்குநர் மடியில் காகிதத்தை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து, “பேரு, வயசு சொல்லி ஆரம்பிங்க அங்கிள்,” என்றார். அவ்வளவுதான். அப்பா லொங்கியை இறுக்கிக் கட்டினார், முதுகை நிமிர்த்தினார், பர்மியில் ஆரம்பித்துவிட்டார்.

இது எங்கள் ஆட்களுக்கு மட்டுமே வரும் கோளாறு. எதிரே ஒருவர் காகிதத்தோடு உட்கார்ந்து பேரும் வயசும் கேட்டால், அது குடிநுழைவு அலுவலகமோ வார்டு அலுவலகமோ பள்ளிக்கூடமோ, எங்கள் வாயில் பர்மிதான் வரும். அடையாள அட்டையில் இருக்கும் பர்மியப் பெயரைத்தான் சொல்வோம். அந்த இடத்தில் தமிழ் பேசி வைத்தால் ‘நீ எந்த ஊர்க்காரன்’ என்று ஆரம்பித்துவிடுவார்கள் என்று சின்ன வயதிலேயே ஊறிப்போன பயம். தமிழ் வீட்டுக்கும் கோயிலுக்கும். அப்பா ஒரு மணி நேரம் பேசினார். ஒத்திகை பார்த்த எல்லாவற்றையும், ஒன்று விடாமல், பர்மியில் சொன்னார். நான் பக்கத்திலேயே நின்று, அப்பாவின் பர்மி எத்தனை சுத்தமாக இருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ‘தமிழில் சொல்லுங்கப்பா’ என்று எனக்கும் தோன்றவில்லை. அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல வருகிறது.

அவர்கள் சாமான்களைக் கட்டும்போதுதான் உறைத்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். “பரவால்ல மேடம், ஃபீலிங் நல்லா வந்திருக்கு. கீழ தமிழ்ல எழுத்து போட்டுக்கலாம்,” என்றார் இயக்குநர். நானே மொழிபெயர்த்துத் தருகிறேன் என்றேன். வீடியோவை அனுப்புவதாகச் சொன்னார். அனுப்பவில்லை. கேட்டால் கும்பிடும் பொம்மை ஒன்று பதிலாக வரும். பிறகு அதுவும் நின்றுபோனது.

ஏழெட்டு மாதம் கழித்துப் படம் ஒளிபரப்பாகிவிட்டதாகக் கோயிலில் செய்தி வந்தது. அவர்களுடைய இணையதளத்தில் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாமாம். மின்சாரம் இருந்த நேரமாகப் பார்த்து, அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திறந்தேன். கறுப்புத் திரை. ‘உங்கள் பகுதியில் இந்த நிகழ்ச்சியைக் காட்ட எங்களுக்கு உரிமம் இல்லை.’

சந்தா கட்டலாம் என்று போனால் நாட்டைத் தேர்ந்தெடு என்றது. சிங்கப்பூர் இருந்தது, மலேசியா இருந்தது, கேள்விப்பட்டே இராத தீவெல்லாம் இருந்தது. நாங்கள் இல்லை. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். ‘மதிப்பிற்குரிய நேயரே, விதிமுறைகளின்படி உங்கள் பகுதி சேர்க்கப்படவில்லை. வேறு வழிகளில் பார்ப்பது உரிம மீறல்’ என்று பதில் வந்தது. அந்தப் படத்தில் இருப்பது என் அப்பா என்று எழுதினேன். அதற்கும் அதே பதில்தான், ஒரு கமா கூட மாறவில்லை. அவர் முகத்தை உலகம் முழுவதற்கும் எழுதி வாங்கிக்கொண்டவர்களுக்கு, அதை அவர் வீட்டில் காட்ட உரிமம் இல்லையாம்.

அப்பாவுக்குக் கோபமே வரவில்லை. வீட்டு ஃபோனை மடியிலேயே வைத்துக்கொண்டார். மின்சாரம் வந்ததும் முதல் வேலையாக அதைச் சார்ஜில் போட்டார். புது நம்பர் எது வந்தாலும் இரண்டாவது மணிக்குள் எடுத்து, தமிழில் “யாருங்க?” என்றார். எல்லாம் தவறிவந்த அழைப்புகள். இப்படியே இரண்டு மாதம் போனது.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பபேடானில் எங்களுக்குத் தெரிந்தவர் நடத்தும் ஃபோன் கடைக்குப் போனேன். வேறு நாட்டிலிருந்து பார்ப்பதுபோல் காட்டும் வி.பி.என். அவரிடம் உண்டு. அதை ஃபோனில் வைத்துக்கொண்டு தெருச் சோதனையில் போலீஸிடம் அகப்பட்டால் வம்பு என்பதால், கடைக்குள்ளேயே உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

ட்ரோன் வந்தது. கோபுரம் வந்தது. புல்லாங்குழலும் வந்தது. தோசைக்கல்லுக்கு மூன்று நிமிடம் கொடுத்திருந்தார்கள். அப்பா கடைசியில் வந்தார். எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு வினாடி. வாய் அசைகிறது, குரல் இல்லை. கீழே பர்மியப் பெயர் மட்டும். அத்தைக்கு அந்தப் பெயர் தெரியாது. ஏழு வயதுத் தம்பியை விட்டுப்போனவருக்கு இந்த முகமும் தெரியாது. அப்பாவின் குரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கம்பீரமான ஆண்குரல், ‘இதோ, தாய்மொழியையே மறந்துபோன முகங்கள்,’ என்று துக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை தோறும் கோயிலில் தேவாரம் பாடுகிற மனிதரைப் பார்த்துச் சொல்கிறார்கள். செய்தவர்கள்மேல் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என்மேலும்தான்.

“படத்தக் காப்பி பண்ணித் தரவாக்கா? ஊலே பாப்பாருல்ல,” என்றார் கடைக்காரர். பெரியவர் என்று அப்பாவைத்தான் சொன்னார். வேண்டாம் என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசல் பக்கமே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“கெடச்சுச்சாம்மா?”

“இல்லப்பா. நம்ம பகுதிக்கு உரிமம் கெடையாதாம். என்ன பண்ணியும் தொறக்கல.”

“அக்கா இருக்கிற ஊர்ல தெரியும்ல?”

“அங்க தெரியும்ப்பா.”

“அப்ப சரி. நம்ம பாத்து என்ன ஆகப்போவுது.”

நான் உள்ளே போய் முகம் கழுவினேன். அவரும் பின்னாலேயே எழுந்து வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“அக்காவப் பத்திச் சொல்றப்ப நா அழுதுட்டேன்ல. அத மட்டும் வெட்டிருந்தா தேவல. பாத்தா அக்கா தாங்காது.”

துண்டிலிருந்து முகத்தை எடுக்காமல், “வெட்டியிருப்பாங்கப்பா,” என்றேன்.