சுவருக்கு வெளியே புதைத்த குழந்தை

பச்சிளங்குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்த அவளைத் தண்ணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வந்த டாக்டர் ஒருவர் அந்தப் பேரைக் கேட்டுவிட்டு, இந்தம்மாவுக்குக் குடிப்பழக்கம் உண்டோ என்று இரண்டு நாள் அவள் பக்கத்தில் வரும்போதெல்லாம் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாராம். விஷயம் அதுவல்ல. அவளுடைய சட்டைப்பையில் எப்போதும் கட்டைவிரல் உயர மருந்துக் குப்பி ஒன்று இருக்கும். அதில் கொதித்து ஆறிய தண்ணீர். பிழைக்காது என்று டாக்டர் கைவிட்ட குழந்தையின் நெற்றியில் அதை மூன்று முறை சொட்டுவிட்டு, "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே" என்று உதட்டுக்குள் சொல்வாள். அரை நிமிட வேலை. முப்பத்துநான்கு வருஷமாகச் செய்துவந்தாள்.

யார் சொல்லி? சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்த கேள்வி பதில் புத்தகம் சொல்லி. ஞானஸ்நானம் பெறாமல் சாகும் குழந்தை லிம்போ என்ற இடத்துக்குப் போகும், அங்கே வேதனை கிடையாது, ஆனால் கடவுளின் முகத்தைப் பார்க்கவே முடியாது என்று அதில் போட்டிருந்தது. ஆபத்து வேளையில் சாமியார் இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்றும் போட்டிருந்தது. இரண்டையும் அவள் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

பெற்றவர்கள் என்ன மதம் என்று பார்த்ததில்லை. அவர்களிடம் கேட்டதும் குறைவு. ஒருமுறை ஒரு தாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டாள். "என்ன செய்றீங்க சிஸ்டர்?" என்றாள். "முகம் துடைக்கிறேம்மா" என்று இவள் சொல்லிவிட்டாள். அந்தப் பொய் அவளை ரொம்ப நாள் அரித்தது. ஆனாலும் ஒரு பிள்ளை இருட்டில் நிற்பதைவிட ஒரு பொய் தேவலை என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

இப்போது ஐம்பத்தேழு வயது. முழங்கால் இரண்டும் கழன்றுவிழும்போல இருந்தன. ஓய்வுக்கு ஏழு மாதம் பாக்கி. அப்போதுதான் அந்த இரட்டைக் குழந்தைகள் வந்தன. ஆறரை மாதத்திலேயே பிறந்தவை, இரண்டும் கையளவு. ஒருநாள் காலையில் ஒரு குழந்தைக்கு மூச்சு இழுத்தது. அவள் அதன் பக்கம் போய்க் குப்பியைத் திறந்து சொட்டுவிட்டு நிமிர்வதற்குள், அடுத்த கண்ணாடிப் பெட்டியில் மற்றது அடங்கிவிட்டது. அதுதான் திடமான குழந்தை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். நான்கு எட்டுத் தூரம். அவளால் போய்ச் சேர முடியவில்லை.

பணி முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் மாதா கோயிலுக்குப் போனாள். பங்கு அலுவலகத்தில் புதிய சாமியார் திருமணச் சான்றிதழ்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். அவருக்கும் அன்று உடம்பு சரியில்லை. ஒரு கையில் கைக்குட்டை, ஒரு கையில் முத்திரை.

"பாவசங்கீர்த்தனம் பண்ணணும் ஃபாதர், என் பாவத்தைச் சொல்லணும். ஒரு குழந்தையை விட்டுட்டேன்" என்றாள்.

நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் முத்திரையைக் கீழே வைத்தார்.

"இதுல உங்க பாவம் என்னம்மா இருக்கு?"

"அந்தக் குழந்தை இப்ப லிம்போலதானே ஃபாதர் இருக்கும்?"

அவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "லிம்போன்றது திருச்சபை அறுதியிட்டுச் சொன்ன விசுவாசம் இல்லம்மா. மீட்புக்கு ஞானஸ்நானம் வேணும்னு திருச்சபை சொல்லுது. அதை விட்டா நிச்சயமான வேற வழி தனக்குத் தெரியாதுன்னும் சொல்லுது. ஆனா கடவுள் ஞானஸ்நானம் மாதிரியான தன்னோட அருளடையாளங்களுக்குள்ளேயே கட்டுப்பட்டுக் கிடக்கிறவர் இல்லை. அந்தக் குழந்தைங்கள அவரோட இரக்கத்துல ஒப்படைக்கச் சொல்றாங்க. நம்பிக்கை வைக்கலாம்."

"அப்ப எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது?"

"கருத்து. பெரிய பெரிய ஆளுங்க ரொம்ப காலமா சொல்லிட்டு வந்த கருத்து."

"கருத்துன்னு யாரும் சொல்லலையே ஃபாதர். மனப்பாடமா சொல்லலைன்னா முட்டி போட வச்சாங்களே."

சாமியார் தலையைக் குனிந்துகொண்டார். "எது கட்டாயம் நம்பணும், எது ஒரு விளக்கம்னு பிரிச்சுச் சொல்லியிருக்கணும். சொல்லலை. அது எங்க தப்புதான்." பிறகு கேட்டார்: "பெத்தவங்ககிட்ட கேட்டுத்தான் செஞ்சீங்களா?"

அவள் சட்டைப்பையில் இருந்த குப்பியைக் கையால் மூடிக்கொண்டாள். "சாகக் கிடக்கிற குழந்தைன்னா, பெத்தவங்களைக் கேக்காமலே செய்யத் திருச்சபைச் சட்டம் இடம் கொடுக்குதும்மா. ஆனா சட்டம் இடம் கொடுத்தா போதுமா?" என்றார். கேள்வியைத் தனக்கே கேட்டுக்கொண்டவர்போல இருந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. மூட்டையைச் சுமந்து மாடிக்குப் போனபின், வீடு இது இல்லை என்று யாரோ சொன்னதுபோல உட்கார்ந்திருந்தாள். அப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

"என் தங்கச்சி பிள்ளை ஒண்ணு இருக்கு, ஃபாதர்."

முப்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை. தங்கைக்கு முதல் பிரசவம். பெண் குழந்தை, நாலு மணி நேரம்தான் இருந்தது. அக்கா பணியிலிருந்து ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது. அப்போதிருந்த பெரிய சாமியார், ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு மந்திரித்த மண்ணில் இடமில்லை என்றுவிட்டார். தங்கை புருஷன் அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோய், கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, சாக்கடைக்கும் சுவருக்கும் நடுவே புதைத்தார். அன்றிலிருந்து தங்கை கோயில் படி மிதிக்கவில்லை. பிறகு பிள்ளை பிறக்கவும் இல்லை.

சாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சளியா, வேறெதுவுமா, தெரியவில்லை. "அவங்க சம்மதிச்சா நானே வந்து அந்த இடத்துல ஜெபம் பண்றேன்" என்றார்.

தங்கை சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். மறுநாள் மத்தியானம் அக்கா போனபோது, நீராவிக்கு நடுவே ஒரு சட்டைக் காலரை அழுத்திக்கொண்டிருந்தாள். அக்கா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். தங்கை சட்டையைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் தேய்த்தாள்.

"முப்பத்திரண்டு வருஷம் கழிச்சு ஆள் விட்டுச் சொல்லி அனுப்புறாங்களாக்கும்?"

"ஆள் விடலைடி. நானாத்தான் கேட்டேன்."

"எம் பிள்ளை எங்க இருக்குன்னு எனக்கு அன்னிக்கே தெரியும், அக்கா. நாலு மணி நேரம் நான்தானே மடியில வச்சிருந்தேன்? அந்த மூஞ்சியப் பார்த்தும் கடவுள் கதவைச் சாத்துவாருன்னா, அவரு எனக்கு வேணாம்னுதான் வராம இருந்தேன்."

அக்கா மேசைப் பக்கம் வந்தாள். மடித்த சட்டைகளை எடுத்து அடுக்கிக் கொடுத்தாள். இருபது சட்டை ஆனபின் தங்கையே பேசினாள். "கோயிலுக்குள்ள வர மாட்டேன். அவரு அங்க வர்றதானா வரட்டும்."

அடுத்த வியாழக்கிழமை காலை மூன்று பேரும் சுவருக்கு வெளியே நின்றார்கள். அடையாளத்துக்கு ஒன்றுமில்லை, காட்டுச்செடிதான். தங்கை மட்டும் தடுமாறாமல் ஓரிடத்தில் போய் நின்றாள். வந்து வந்து பழகிய கால் அது என்று அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. சாமியார் புத்தகத்தைத் திறந்தார். "குழந்தை பேரு சொல்லணுமே" என்று தயங்கினார்.

பேர் வைக்கவேயில்லையே என்று அக்கா சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தங்கை ஒரு பேரைச் சொன்னாள். நேற்றுக் கூப்பிட்ட பேர்போல, எளிதாக. சாமியார் அந்தப் பேரைச் சொல்லி ஜெபித்து, மண்ணில் தண்ணீர் தெளித்தார். தங்கை சிலுவை போட்டுக்கொள்ளவில்லை. கையைக் கட்டிக்கொண்டு முடியும்வரை நின்றாள்.

பேருந்துக்குக் காத்திருக்கும்போது அக்கா கேட்டாள். "பேரு வச்சிருந்தியா? என்கிட்ட ஏன்டி சொல்லலை?"

"சொன்னேனே. ஆஸ்பத்திரிலேர்ந்து நான் வீட்டுக்கு வந்தன்னிக்கே சொன்னேன். 'ஞானஸ்நானம் இல்லாம பேரு ஏதுடி'ன்னு நீதான் சொன்ன. அதோட விட்டுட்டேன்."

தங்கை குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது. அப்படிச் சொன்ன ஞாபகமே அக்காவுக்கு இல்லை. ஆனால் சொல்லியிருப்பாள் என்பதில் சந்தேகமும் இல்லை. பேருந்து வந்தது. தங்கை ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் பையை வைக்காமல் அவளுக்கு விட்டாள்.

மிச்ச ஏழு மாதமும் தண்ணியக்கா வேலைக்குப் போனாள். சாகக் கிடக்கும் குழந்தைகள் அப்போதும் வந்தன. இப்போது பெற்றவர்களிடம் கேட்டாள், பொய் சொல்லாமல், என்ன செய்யப்போகிறேன், எதற்காக என்று. சிலர் சரி என்றார்கள். பலர் வேண்டாம் என்றார்கள். வேண்டாம் என்ற இடத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்காலை நீவியபடி, குழந்தை அடங்கும்வரை தாயோடு சும்மா உட்கார்ந்திருந்தாள். அதுதான் முன்னதைவிடக் கஷ்டமான வேலையாக இருந்தது.