சிரித்த முகமூடி

வெந்நீர்த் தொட்டியிலிருந்து துவண்ட பிளாஸ்டிக் வலையை எடுத்து உதறி, முதலில் தன் கன்னத்தில்தான் ஒற்றிப் பார்ப்பார். பொறுக்கிற சூடு என்று தெரிந்த பிறகே படுத்திருப்பவர் முகத்தில் விரிப்பார். கதிர்வீச்சுப் பிரிவில் அவருக்கு முகமூடி அக்கா என்று பெயர். மூளைக்குள் இருக்கும் மிளகளவு கட்டியைக் கதிரால் சுடும்போது தலை மயிரிழைகூட அசையக் கூடாது. அசையாமல் பிடித்து வைப்பது அவர் பாடு.

பேருந்தில் முன்னால் இருப்பவரின் பின்மண்டையைப் பார்த்தே, மேசையில் அவருக்குக் கழுத்தடியில் வைக்கவேண்டிய தலைதாங்கியின் அளவைச் சொல்லிவிடுவார். "இது ரெண்டாம் நம்பர். பக்கத்துல இருக்கிறவரு நாலுக்கும் அடங்க மாட்டாரு." தான் பிடித்த தலைகளெல்லாம் ஒரே நேரத்தில் தும்மினால் ஊர் இடம் மாறிவிடும் என்பது அவர் கட்சி.

முன்பெல்லாம் வலைக்குப் பதில் நாலு திருகு வைத்த உலோகச் சட்டம். மரத்துப்போக ஊசி போட்டு, மண்டையிலேயே முடுக்குவார்கள். காலையில் மாட்டினால் கதிர் முடியும்வரை கழற்றக் கூடாது. சட்டம் மாட்டிய நாலு பேர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, குழல் வைத்துக் காபி உறிஞ்சி, மத்தியானத்துக்குள் சம்பந்தி ஆகிவிடுவார்கள். "இப்ப ஒரு மூஞ்சியும் மனசுல நிக்கிறதுக்குள்ள எழுந்து போயிடுது" என்று பெருமூச்சு விடுவார்.

அவர் முகமூடி செய்யும் மேசையில் போன வாரம் அவருடைய தம்பியே வந்து படுத்தார். காது நரம்பை ஒட்டி ஒரு கட்டி. சின்ன வயதில் அப்பா முடி வெட்டும்போது நிற்காமல் சுழன்ற தலை அது. இரண்டு காதையும் பிடித்து நிறுத்தியது அக்காதான். பம்பரம் என்ற பட்டப்பெயர் ஐம்பது வயதிலும் உதிரவில்லை.

வலை இறுகும்வரை சிரிக்கக் கூடாது, அழக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர், தம்பியின் கை மேசை விளிம்பைத் தேடியதும் தானே வாயைத் திறந்துவிட்டார்.

"டேய் பம்பரம், அப்பா உன் புருவத்தையும் சேத்து வெட்டினாரே, ஞாபகம் இருக்கா?"

உள்ளே கன்னம் உப்பியது. வலை அந்தச் சிரிப்போடு இறுகிப்போனது.

சிகிச்சை நாளில் பயத்தில் கன்னம் ஒட்டிப்போய், உப்பிய வலைக்குள் முகம் தொளதொளவென்று கிடந்தது. சோதனைப் படத்தைப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "ரெண்டு மில்லிமீட்டர் ஆடுதுக்கா. இத வச்சு சுட்டா காது போயிடும்."

"நான் வேணும்னா சிரிச்சுக்கிட்டே இருக்கட்டுமா?" என்றார் தம்பி.

"நாப்பது நிமிஷமா? நீ நாலு நிமிஷம் சும்மா இருந்து நான் பாத்ததில்ல. கெடுத்தது என் வாய்தான், டாக்டர். புதுசு செஞ்சிடறேன்."

இரண்டாவது வலையை விரித்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். வலையை விரல்களால் மூக்கோரம் அழுத்தினார், தாடையோரம் அழுத்தினார். ஒரு வார்த்தை இல்லை.

கழற்றியதும் தம்பி கேட்டார், "என்னக்கா, உனக்கு உடம்பு சரியில்லையா?"

புது ஸ்கேன் எடுத்து, மறுநாள் கதிர். கனத்த கதவு மூடியது. வெளியே திரையில் தம்பியின் தலை கல்லாய்க் கிடந்தது. திரையை விட்டுக் கண்ணெடுக்காமல், குப்பைக்குப் போகவிருந்த அந்தச் சிரித்த முகமூடியை மடியில் எடுத்து வைத்து, காதுகள் இருக்கவேண்டிய இரண்டு இடத்தையும் நாற்பது நிமிடமும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார் அக்கா.