மேட்டில் இழுக்காத கார்

தைவானின் சுய்லி ஊரில் கார் ரிப்பேர் பார்க்கிறவர்களைக் கருங்கைக்காரர்கள் என்றுதான் சொல்வார்கள். அத்தனை கருங்கைக்காரர்களிலும் பெங் லாய்வாங்கைப் போலப் பயந்தவர் ஒருவரும் இல்லை. வயது அறுபத்தொன்று. ஒரு நட்டை முறுக்கினால் மூன்று தடவை தொட்டுப் பார்ப்பார். வேலை முடித்து அனுப்பிய காரின் பின்னாலேயே தெருமுனை வரை நடந்து போய்ச் சத்தம் கேட்டுவிட்டு வருவார்.

"என் கையப் புடிச்சப்பவும் இப்படித்தான். மூணு தடவை செக் பண்ணிட்டுத்தான் புடிச்சாரு" என்று அவர் மனைவி கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். வருகிறவர்களும் சிரிப்பார்கள்.

அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. இருபத்தாறு வயதில் அவர் கழற்றி மாட்டிய லாரிச் சக்கரம் ஒன்று ஓட்டத்தில் கழன்று, ஆற்றுப்பாலத்துக் கைப்பிடியை இடித்துக்கொண்டு போய்த் தண்ணீரில் விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஓட்டுநர்கூட மறுவாரமே மறந்துவிட்டார். லாய்வாங்தான் மறக்கவில்லை. தன் கையால் யாராவது செத்துப் போவார்கள் என்ற பயம் அன்றைக்கு வயிற்றில் புகுந்து, முப்பத்தைந்து வருஷமாக அங்கேயே குடியிருந்தது.

பயந்தவனுக்கு ஒரு துணை வேண்டுமே. தைவானில் இயந்திரங்களுக்கெல்லாம் துணை ஒரு பச்சைப் பொட்டலம். உள்ளே தேங்காய் மணக்கும் சோளப்பொரி; பெயருக்கு அர்த்தம் 'சமத்து'. வங்கிக் கம்ப்யூட்டரின் மேல் வைப்பார்கள், மருத்துவமனை இயந்திரங்களின் மேல் வைப்பார்கள். சமத்தாக இரு, படுத்துக்கொள்ளாதே என்று சொல்லாமல் சொல்வது. பச்சைதான் வைக்க வேண்டும். மஞ்சளோ சிவப்போ வைத்தால் வேறு வினையே வேண்டாம். தேதி தாண்டியது கூடாது. பிரித்துத் தின்னக் கூடாது. படித்த இன்ஜினியர்களே சிரித்துக்கொண்டு வைக்கிறார்கள். லாய்வாங் சிரிக்காமல் வைப்பார். தன் கடையில் சர்வீஸ் முடிந்த ஒவ்வொரு காரின் பானட்டுக்குள்ளும் ஒன்றை ஒட்டி அனுப்புவார்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஜின்ஷியா நான்காவது தடவையாக அவர் கடை வாசலில் காரை நிறுத்தினாள். மலைமேல் பிளம் தோட்டம் வைத்திருப்பவள், ஐம்பது வயது. கணவர் வென்போவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்ய மலையிலிருந்து இறங்கி மருத்துவமனைக்கு வந்தாக வேண்டும், முடிந்ததும் ஏறிப் போயாக வேண்டும். கொண்டுவிட, லாய்வாங்கே எப்போதும் சர்வீஸ் பார்த்து அனுப்பும் அந்த முப்பத்தைந்து வயது வெள்ளைக் காரை விட்டால் வேறு கதி இல்லை.

"பெங் அண்ணே, மறுபடியும் அதே எடத்துல படுத்துக்கிச்சு" என்றாள்.

"அதே எடத்துலயா?"

"ஒன்பதாவது கிலோமீட்டர் வளைவுல. மிதிக்க மிதிக்க இழுவையே இல்ல. குலுங்குது, மிஸ்ஸிங் அடிக்குது, பின்னாடி கரும்புகை. நிறுத்திக் காலை எடுத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி நிக்குது. நடிக்குதுண்ணே இது."

ஒன்பதாவது கிலோமீட்டர் லாய்வாங்குக்குத் தெரியும். அந்தப் பாதையிலேயே செங்குத்தான மேடு அதுதான். மழை பெய்தால் பாறை உருளும். 'கல் விழும் இடம், நிற்காதே' என்று பலகையே வைத்திருக்கிறார்கள். நிற்காதே என்ற இடத்தில்தான் இந்தக் கார் நிற்கிறது, பின்சீட்டில் எழுந்து ஓட முடியாத ஒரு மனிதரை வைத்துக்கொண்டு.

முதல் தடவை பிளக் நான்கையும் மாற்றினார். அடுத்த தடவை பெட்ரோல் ஃபில்டரும் பம்பும். மூன்றாம் தடவை காயிலை மாற்றி, கார்பரேட்டரைப் பிரித்துக் கழுவிக் காயவைத்துப் பூட்டினார். ஒவ்வொரு தடவையும் ஊரைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார். குதிரை மாதிரி ஓடியது. பத்து நாள் மலையும் ஏறியது. பிறகு பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

"வேற காரு பாக்கலாமே, தங்கச்சி."

"பாக்கலாம்ண்ணே. பிளம் மரத்துல காரு காய்ச்சதும் பறிச்சிக்கிறேன்." அவள் சிரிக்கவில்லை. "நீங்க கீழயே ஓட்டிப் பாத்தா எப்பிடித் தெரியும்? இன்னிக்கு என்கூட மேல வாங்க. பயமா இருக்கா?"

"இருக்கு" என்றார் லாய்வாங், உள்ளபடியே. பிறகு ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டார். போகாமல் இருந்தால் நாளைக்குச் செய்தியில் அந்த வெள்ளைக் காரைப் பார்க்க வேண்டி வரும் என்ற பயம் இன்னும் பெரியது.

மத்தியானம் மூன்று மணிக்கு வென்போவை மருத்துவமனையிலிருந்து ஏற்றிக்கொண்டார்கள். அவர் வெளிறிப்போய்ப் பின்சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். இரண்டு நாள் விடாது பெய்த மழை காலையில்தான் விட்டிருந்தது. சாலையோரமெல்லாம் செம்மண் வழிந்து கிடந்தது. ஐந்தாவது கிலோமீட்டர் வரை இன்ஜின் சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. ஏழாவதில் லேசாக ஒரு இடறல். லாய்வாங் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். எட்டைத் தாண்டியதும் கார் குலுங்கத் தொடங்கியது.

"பாத்தீங்களா? முழுசா மிதிச்சிருக்கேன்!"

"கியரக் கொறை! கொறைச்சிட்டு மிதி!"

குறைத்தாள். மிதித்தாள். கண்ணாடியில் கரும்புகை தெரிந்தது. வளைவில் பாதி ஏறி, பலகைக்கு நேர் கீழே, கார் நின்றுவிட்டது.

லாய்வாங் இறங்கினார். இறங்கியதும் செய்யக் கூடாததைச் செய்தார்: மேலே பார்த்தார். நனைந்த பாறை தலைக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ சின்னக் கல் ஒன்று உருண்டு வந்து அவர் செருப்பருகே விழுந்தது. ஓடிவிடலாம் போலிருந்தது, வெட்கத்தை விட்டுச் சொன்னால், இரண்டடி ஓடவும் செய்தார். பின்சீட்டில் வென்போவின் முகம் தெரிந்ததும் திரும்பி வந்து பானட்டைத் தூக்கினார்.

இன்ஜின் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. எந்த ஒயரும் கழலவில்லை, எங்கும் ஒழுகவில்லை. பாட்டரியின் ஓரத்தில், அவர் ஒட்டிய இடத்திலிருந்து சற்று நழுவி, பச்சைப் பொட்டலம் கிடந்தது.

"தங்கச்சி, மிதி!"

அவள் மிதித்தாள். பொட்டலம் உயிர் வந்தது போல் துள்ளியது. பக்கத்தில் இன்ஜினுக்குக் காற்றை உள்ளிழுக்கும் காற்றுக்குழாயின் வாயில் போய்ச் சப்பென்று ஒட்டிக்கொண்டது. இன்ஜின் திணறியது, உதறியது, புகை கக்கியது.

"விடு!"

காலை எடுத்தாள். பொட்டலம் தொப்பென்று பழைய இடத்தில் விழுந்து ஒன்றும் தெரியாததுபோல் கிடந்தது.

"மிதி!"

மறுபடியும் சப்.

லாய்வாங் அதைக் கையில் எடுத்தார். இப்போது மிதித்தபோது இன்ஜின் சீறிக்கொண்டு எழுந்தது. மூக்கைப் பொத்திவிட்டு மலையேறச் சொல்லியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒவ்வொரு தடவையும் பானட்டைத் திறந்ததும் முதல் வேலையாக இந்தப் பொட்டலத்தைத்தான் எடுத்தார். எண்ணெய்க் கறை படக் கூடாது என்று மேஜைமேல் பத்திரமாக வைத்தார். அது இல்லாமலே ஓட்டிப் பார்த்தார். எல்லாம் சரியென்று கண்ட பிறகு, கடைசியாக, மரியாதையோடு புதுப் பசை நாடா போட்டு ஒட்டினார். பத்து நாளில் சூட்டில் பசை இளகியது. பிளக்கைச் சந்தேகப்பட்டார், பெட்ரோலைச் சந்தேகப்பட்டார். காவலுக்கு வைத்ததை மட்டும் யார் சந்தேகப்படுவார்கள்?

"கண்டுபிடிச்சிட்டீங்களாண்ணே?" என்று வென்போ கண்ணாடியை இறக்கிக் கேட்டார்.

காற்றுக்குழாயில் இலை அடைத்திருந்தது என்று சொல்லிவிடலாம். பொட்டலத்தைப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த நினைப்பு வந்ததும் லாய்வாங்குக்குப் பாறையைவிடத் தன்மேலேயே அதிகப் பயம் வந்தது.

"நான்தான் காரணம்" என்றார். "இது போய்க் காத்தை அடைச்சிருக்கு. நான் ஒட்டினது. நாலு தடவையும் நான்தான். திட்டிரு தங்கச்சி."

ஜின்ஷியா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. பாதையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேசினாள்.

"நாலு தடவை இங்க நின்னேன்ண்ணே. ஒரு தடவை கால்மணி நேரம். அவரத் தூக்கிட்டு ஓட எனக்குத் தெம்பு இல்ல. விட்டுட்டு ஓட மனசில்ல. சாமிகிட்ட, மாட்சு தாய்கிட்ட, என்ன வேண்டினேன் தெரியுமா? பாறை விழறதுன்னா ரெண்டு பேர் மேலயும் சேந்து விழட்டும்னு வேண்டினேன். ஒருத்தர விட்டுறாதன்னு."

லாய்வாங் பொட்டலத்தை ஸ்பேனர் பையின் அடியில் போட்டார்.

"ஏறுங்க. நிக்கக் கூடாத எடம்."

பானட்டை மூடி, மூன்று தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, முன்சீட்டில் ஏறினார். கார் ஒரு இடறலும் இல்லாமல் மேட்டைப் பிடித்து ஏறியது. பத்தாவது கிலோமீட்டர் கல்லையும் தாண்டியது. பிறகு பின்னாலிருந்து வென்போ சொன்னார்.

"நான் வேற மாதிரி வேண்டிக்கிட்டேன், ஜின்ஷியா. என் பக்கமா மட்டும் விழட்டும்னு. அதுக்குத்தான் எப்பவும் மலைப்பக்கமா உக்காருறேன்."

அவள் கையெடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரை மாற்றினாள். லாய்வாங் திரும்பிப் பார்க்கத் துணியாமல் பாதையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.