இன்னொரு தடவை ஓட்டினால்

எழுபத்தாறு வயதில் லேடெக் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கிறேன், சிரிக்காதீர்கள். கணிதக் கட்டுரைகளைக் கணினியில் அச்சுக்கோக்கும் முறை அது. தேற்றத்துக்கு நாம் ஒரு பெயர் வைத்தால் போதும், எண்ணை அதுவே போட்டுக்கொள்ளும். போன வாரம், கண்ணாடியை நாலு முறை துடைத்துவிட்டு, என் முதல் பக்கத்தை ஓட்டிப் பார்த்தேன். எண் வரவேண்டிய இடமெல்லாம் இரட்டைக் கேள்விக்குறி. லேடெக் கையேட்டில் ஒரே வரி: மறுபடி ஒருமுறை ஓட்டவும். ஓட்டினேன். எண்கள் எல்லாம் வந்து உட்கார்ந்தன.

இந்தக் கேள்விக்குறிகளை நான் முன்பே பார்த்திருக்கிறேன். செலின், ஆவூர்ப் பெண், கல்லூரியில் என்னிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்தவள். அவள் நீட்டிய ஆய்வேட்டில் பிரிண்டர் சூடு ஆறவில்லை. அந்தச் சூட்டுக் காகித வாடை இன்றும் மூக்கில் நிற்கிறது. என் கையெழுத்துக்கு அன்று கடைசி நாள். பக்கத்துக்குப் பக்கம் கேள்விக்குறி.

"என்னம்மா, ஒன் தேற்றத்தோட நம்பர என்னையவே கேக்குறியா?"

"கடையில அவசரத்துல ஒரு தடவைதான் ஓட்டிருக்காங்க சார். இன்னொரு தடவை ஓட்டினா வந்துரும். ஒரு மணி நேரத்துல வந்துர்றேன் சார்."

"ரெண்டு தடவை வரிசையில நிக்க இதென்ன ரேஷன் கடையா?"

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் சொன்னேன். துறையில் லேடெக் தெரிந்த ஒரே ஆள் அவள். இளைய ஆசிரியர்கள் சந்தேகம் கேட்க என் மேஜையைத் தாண்டி அவளிடம் போவார்கள். அந்தப் பொறாமையில் 'முழுமையற்றது' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். சொன்னபடி ஒரு மணி நேரத்தில் அவள் திரும்பி வந்தாளாம். நான் வேண்டுமென்றே வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய பதிவுக்காலம் அன்றோடு முடிந்தது. பட்டமும் போயிற்று.

நேற்று அவளுடைய போன் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். விராலிமலையில் டியூஷன் எடுக்கிறாள். மன்னிப்புக் கேட்டேன்.

"அதெல்லாம் விடுங்க சார். ஒடம்பு எப்புடி இருக்கு?"

"ஒன் ஆய்வேட்ட நானே இன்னொரு தடவை ஓட்டித் தர்றேன்மா. பைல் இருக்கா?"

"அந்தக் கம்ப்யூட்டரும் இல்ல, அச்சடிச்சதும் இல்ல சார். கையால எழுதுன காப்பி ஒண்ணு ஒங்ககிட்ட குடுத்தேனே?"

ஓய்வுபெற்ற வாரமே அதைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டேன் என்று சொன்னேன்.

"நாலாவது அத்தியாயத்துல அந்த நிரூபணம், எப்படிம்மா ஆரம்பிக்கும்? ஞாபகம் இருக்கிறதச் சொல்லு, எழுதிக்கிறேன்."



"வரல சார்."

சரியான நிரூபணம் அது. படித்த அன்றே எனக்குத் தெரியும். அதில் ஒரு வரிகூட இப்போது என்னிடமும் இல்லை, அவளிடமும் இல்லை.