நாலு அங்குல ஒட்டும் திற்பரப்புப் பயணமும்

1953 ஓணம் விடுமுறைக்குத் திருவனந்தபுரம் கல்லூரியிலிருந்து நாகர்கோவில் வீட்டுக்கு வந்தபோது, அப்பா மோரிஸ் மைனர் வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. ரப்பர் எஸ்டேட் துரை ஒருவரிடம் வாங்கிய 1949-ம் வருஷத்து வண்டி, பச்சை நிறம். பின்னால் வந்த மைனர்களில் விளக்குகள் மட்கார்டின் மேல் ஏறிவிட்டன. எங்கள் வண்டியில் அவை கீழே, மூக்குக்கு இருபுறமும் பதுங்கியிருக்கும். திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து சின்னக் கை ஒன்று வெளியே நீளும். அதைப் பார்க்கவே கோட்டாற்றுச் சந்தியில் ஆட்கள் நிற்பார்கள்.

அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. டிரைவர் தங்கப்பன் ஏழு வருஷம் லாரி ஓட்டியவர். திற்பரப்பு அருவியில் குளிக்க வேண்டும் என்று நான் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை ஏழேகாலுக்கு அப்பா, அம்மா, நான், தங்கப்பன் நால்வரும் கிளம்பினோம்.

தக்கலை பத்து மைல். எட்டு மணிக்கு அங்கே டீ. வழியிலிருந்த பள்ளங்களில் குலுங்கி, முன் நம்பர் பலகை ஒரு போல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. தங்கப்பன் அதைக் கழற்றினார். பலகை மறைத்திருந்த இடத்தில், பம்பரின் நடுவே, மேலிருந்து கீழாக இரண்டு கோடுகள். கோடுகளுக்கிடையே தனியாக ஒரு துண்டுத் தகடு. பம்பரை அறுத்து ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று எனக்கே தெரிந்தது.

அப்பா டீயைக் கீழே வைத்தார். ஆடி மாதம் தங்கப்பன் தனியாக வண்டியைத் தேங்காய்ப்பட்டணம் கொண்டுபோய், இரண்டு மணி நேரம் தாமதமாக வந்திருந்தார். டயர் பஞ்சர் என்றார். அது அப்பாவுக்கு இப்போது வேறு மாதிரி தோன்றிவிட்டது.

"தேங்காய்ப்பட்டணத்துல எதுல கொண்டு இடிச்சே?"

"நான் ஒண்ணுலயும் இடிக்கல்ல மொதலாளி. இடிச்சிருந்தா இடிச்சேன்னு சொல்லமாட்டனா?"

அப்பா நம்பவில்லை. அங்கிருந்து குழித்துறை பத்து மைல். வண்டியை இடித்து மறைத்தவன் என்று பெயர் வந்துவிட்டால் தங்கப்பனுக்கு நாகர்கோவிலில் வேறு யாரும் சாவி கொடுக்கமாட்டார்கள். வீட்டில் அவருக்கு மூன்று பெண்கள்.

குழித்துறையில் ஆற்றங்கரையோரம் நிறுத்தி இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். திரும்பிப் போனதும் கணக்கு முடித்துக்கொள்ளச் சொன்னார் அப்பா. தங்கப்பன் சாவியை பானெட்டின் மேல் வைத்தார். "அதுவரைக்கும் எதுக்கு மொதலாளி? இப்பளே இருக்கட்டு." பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்துவிட்டார்.

அம்மா கையிலிருந்த இட்லியை முடித்துவிட்டு நிதானமாகக் கேட்டாள், "இனி யாரு ஓட்டுவா? நானா?"

வண்டி ஓட்டத் தெரிந்த யாராவது கிடைப்பார்களா என்று விசாரிக்க நான் சந்தைத் தெருவுக்குப் போனேன். ஒரு டாக்டர் வீட்டு வாசலில் இன்னொரு மைனர், அதே தாழ்ந்த விளக்குகளோடு. அதன் நம்பர் பலகை பம்பருக்குக் கீழே தொங்கியதால் பம்பர் முழுதாகத் தெரிந்தது. நடுவில் அதே இரண்டு கோடுகள். புது ஆட்களிடம் பேசக் கூச்சப்பட்டு எதிர்ப்பக்கம் நடக்கிறவள் நான். அன்று நடுத்தெருவில் குனிந்து உட்கார்ந்துவிட்டேன்.

"என்னத்தைத் தொலைச்சே பிள்ளே?" டாக்டர் வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். கப்பலிலிருந்து இறக்கிய நாள் முதல் தான்தான் ஓட்டுவதாகவும், ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை என்றும் சொல்லிக்கொண்டே குனிந்தவருக்கு, ஒட்டைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "என்னையும் பத்திச்சிட்டானுவளா?" இடிபட்ட வண்டியைப் புதுசென்று விற்று ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார்.

அளவு நாடா எடுத்து வந்தார். நாலு அங்குலம். நாடாவோடு ஆற்றங்கரைக்கு வந்து எங்கள் வண்டியை அளந்தோம். அதுவும் நாலு அங்குலம். இரண்டு வண்டி ஒரே அளவில் இடித்துக்கொள்ள முடியாது என்று நான் அப்பாவிடம் சொன்னேன். பானெட்டின் நடுவிலும் அதே அகலத்துக்கு ஒரு பட்டை மேடாக ஓடுவதை அப்போதுதான் கவனித்தோம்.

காரணத்தைப் பிறகு கல்லூரி நூலகத்தில் ஒரு மோட்டார் பத்திரிகையில் படித்தேன். இங்கிலாந்தில் சாதாரணக் குடும்பங்களுக்கென்று உருவான இந்த வண்டி, தயாரிப்புத் தொடங்கும் நேரத்தில் அதை வடிவமைத்தவர் கண்ணுக்கு ஒடுக்கமாகத் தெரிந்ததாம். மாதிரி வண்டியை நெடுக இரண்டாக அறுத்து, பாதிகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்திருக்கிறார். நாலு அங்குலத்தில் மனம் ஒப்பியது. அதற்குள் பம்பர்கள் செய்து முடித்துவிட்டார்கள். அவற்றை வீணாக்காமல் வெட்டித் துண்டு சேர்த்துவிட்டார்கள்.

அன்று ஆற்றங்கரையில் அப்பா ஒருமுறை தானே அளந்தார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு விரைந்தார். தங்கப்பன் ஏறி உட்கார்ந்து டிக்கெட்டும் எடுத்திருந்தார். பேச அப்பா உள்ளே ஏற, பஸ் கிளம்பிவிட்டது. அம்மாவும் நானும் பார்த்துக்கொண்டிருக்க, அப்பா பாலத்தைக் கடந்து போய்விட்டார்.

முக்கால் மணி கழித்து இருவரும் பாலத்துக்கு அந்தப் பக்கமுள்ள தொடுவெட்டியிலிருந்து நடந்து வந்தார்கள், கையில் ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு. அப்பா எங்கள் முன்னால் நின்றார்.

"இவங்க முன்னாலதான் சொன்னேன், இவங்க முன்னாலயே சொல்லுதேன். தப்பு என்னுது தங்கப்பா."

தங்கப்பன் சாவியை எடுத்தார். "அடுத்தாப்புல குனிஞ்சு பாத்துக்கிட்டு ஏசுங்கோ மொதலாளி. ஏறுங்கோ, வெயிலு ஏறுது."

அங்கிருந்து அருமனை வழியாகத் திற்பரப்பு பன்னிரண்டு மைல். பதினொன்றரைக்கு அருவியில் நின்றோம். தண்ணீர் தலையில் விழுந்தபோது அம்மா சிரித்த சிரிப்பை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஓணத்தையொட்டிப் போனால் தண்ணீர் நிறைய இருக்கும், ஆனால் பாறை வழுக்கும். சாப்பாடு கட்டிக்கொண்டு போவது நல்லது. திரும்பும்போது குலசேகரம் வழியாக வந்தால் தக்கலைக்குச் சுருக்கு. எங்களுக்கு மொத்தம் ஐம்பத்தெட்டு மைல், பெட்ரோல் ஐந்து ரூபாய்க்குள் முடிந்தது. பழைய மைனர் வாங்குகிறவர்கள் கையில் நாடா கொண்டுபோங்கள்.

ஓட்டத் தெரியாதவனுக்கு டிரைவரைக் குற்றம் சொல்ல வாயில்லை என்று அப்பா அடுத்த வாரமே தங்கப்பனிடம் வண்டி பழகத் தொடங்கினார். மூன்றாம் நாள் ஒரு தென்னையில் மோதினார். தங்கப்பன் இறங்கி, குனிந்து பார்த்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டாராம். ஆகையால் கோட்டாற்றுப் பக்கம் பச்சை மைனர் ஒன்றைக் கண்டால், நடுவிலிருக்கும் நாலு அங்குலம் இங்கிலாந்தில் போட்டது. இடப்பக்கத்து நெளிவு அப்பா போட்டது.